வெளிநாட்டுப் பயணத்துக்கு இ-சிம்: டேட்டா கிடைக்கும்... ஓடிபி வருமா?

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் நம்மவர்கள் பலரும் செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. சிம் விற்கும் கவுன்ட்டரில் வரிசையில் நின்று, பாஸ்போர்ட்டை நீட்டி, உள்ளூர் சிம் வாங்கிப் போனில் போட்டுவிட்டு, ஊர் சிம்மை ஒரு துண்டுக் காகிதத்தில் சுற்றிப் பர்ஸுக்குள் சொருகிக்கொள்வார்கள். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு இதனால் பெரிய தொல்லை எதுவும் வந்ததில்லை. இன்றைக்கு வங்கிக் கணக்கு, யுபிஐ, கிரெடிட் கார்டு, ஆதார், வாட்ஸ்அப் எல்லாமே அந்தத் துண்டுக் காகிதத்துக்குள் கிடக்கும் சிம்மை நம்பித்தான் ஓடுகின்றன. இரவு பத்து மணிக்கு ஆன்லைனில் ஓட்டல் ரூமுக்குப் பணம் கட்டப் போகிறீர்கள். ‘உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம்’ என்கிறது திரை. எண் பர்ஸுக்குள் தூங்குகிறது. அப்புறம் எங்கே போய் ஓடிபி வரும்?

இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் இ-சிம் இப்போது பேசப்படுகிறது. ஊர் சிம் அதன் இடத்திலேயே இருக்கும்; வெளிநாட்டு டேட்டா இன்னொரு சிம்மில், கண்ணுக்குத் தெரியாத சிம்மில், ஓடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இணையத்தில் தேடினால் கிடைப்பதெல்லாம் ‘எந்த இ-சிம் மலிவு?’ என்கிற பட்டியல்கள்தான். ஒரு ஜிபிக்கு நாலு டாலரா, மூணரை டாலரா என்பதில் போகிற பணம் ஒரு காபி காசு. தப்பான வகையைத் தேர்ந்தெடுத்தாலோ, ஒரு செட்டிங்ஸைத் தவறாக விட்டாலோ போகிற பணமும் நிம்மதியும் வேறு கணக்கு. எனவே விலைப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஊர் எண்ணை மையமாக வைத்து இதைப் பார்ப்போம்.

உங்கள் போனில் இ-சிம் ஓடுமா?

இ-சிம் என்பது போனுக்குள்ளேயே பதித்து வைத்திருக்கும் ஒரு சிப். பிளாஸ்டிக் சிம்மில் இருக்கும் தகவல்களை நிறுவனம் இணையம் வழியாக அதற்குள் இறக்கிவிடும். ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும். பல இ-சிம்களை உள்ளே சேமித்து வைக்கலாம். ஆனால் இன்றைய போன்களில் பொதுவாக ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகள்தான் இயங்கும். ஊர் எண் ஒன்று, பயண டேட்டா ஒன்று என்று நமக்குத் தேவையும் இரண்டுதான்.

போன் இதற்கு ஒத்துவருமா என்று பார்க்க எளிய வழி: டயல் பேடில் *#06# என்று அழுத்துங்கள். ஐஎம்இஐ எண்களோடு ‘இஐடி’ என்று 32 இலக்க எண் ஒன்று காட்டினால் இ-சிம் வசதி இருக்கிறது. ஐபோனில் 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலிருந்து இது உண்டு. ஆண்ட்ராய்டில் விலை கூடிய மாடல்களில் பெரும்பாலும் இருக்கும். நடுத்தர விலை போன்களில் இருந்தால் அதிர்ஷ்டம்.

போன் எந்த நாட்டில் வாங்கியது என்பதும் முக்கியம். நம் வீடுகளில் பாதிப் பேர் கையில் இருப்பது மகனோ மருமகனோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த போன். அமெரிக்காவில் 2022இல் வந்த ஐபோன் 14 முதல் சிம் தட்டே கிடையாது. ஐபோன் 17 வரிசையில் அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் என்று வளைகுடா நாடுகளில் விற்கும் போன்களுக்கும் அதே கதை. ஐபோன் ஏர் மாடலில் எந்த நாட்டில் வாங்கினாலும் தட்டு இல்லை. அந்தப் போன் வைத்திருப்பவர்கள் ஊர் எண்ணையும் இ-சிம்மாக மாற்றித்தான் ஆக வேண்டும். மாறாக, சீனாவிலும் ஹாங்காங்கிலும் வாங்கிய பல ஐபோன்களில் இரண்டு பிளாஸ்டிக் சிம் போடலாம், இ-சிம் போட முடியாது. அமெரிக்காவில் தவணையில் வாங்கிய போனாக இருந்தால் அந்த நிறுவனத்துக்குப் ‘பூட்டி’ இருக்கவும் கூடும். பூட்டைத் திறக்கும்வரை வேறு எந்த சிம்மும் ஏறாது.

வாங்க மூன்று இடங்கள்

வெளிநாட்டில் டேட்டாவுக்கு மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, இங்கே நீங்கள் வைத்திருக்கும் எண்ணிலேயே ரோமிங் பேக் போட்டுக்கொள்வது. ஜியோ, ஏர்டெல், வி எல்லாரும் நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் தருகிறார்கள். புது சிம்மும் வேண்டாம், க்யூஆர் கோடும் வேண்டாம். அதே எண்ணில் கால் வரும், ஓடிபி வரும். விலைதான் கூடுதல், டேட்டா அளவும் குறைவாக இருக்கும்.

இரண்டாவது, போகிற நாட்டின் நிறுவனத்திடமே சிம்மோ இ-சிம்மோ வாங்குவது. தாய்லாந்தில், மலேசியாவில், இலங்கையில் விமான நிலையத்திலேயே சுற்றுலாப் பயணிகளுக்கென்று தனி பேக் விற்கிறார்கள். டேட்டா தாராளம், வேகம் நன்றாக இருக்கும், உள்ளூர் எண்ணும் கிடைக்கும். பாஸ்போர்ட் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். சவுதியில் கைரேகையும் வைக்க வேண்டும். உம்ரா போகிறவர்கள் களைத்துப்போய் இறங்கும் நேரத்தில் இந்த வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் இப்போது விளம்பரங்களில் கொடிகட்டிப் பறக்கும் ‘டிராவல் இ-சிம்’. ஆப்பிலோ இணையதளத்திலோ நாட்டைத் தேர்ந்தெடுத்து, கார்டில் பணம் கட்டினால் சில நிமிடங்களில் மின்னஞ்சலில் க்யூஆர் கோடு வந்துவிடும். பெரும்பாலும் டேட்டா மட்டும்தான். பேசுவதற்கு எண் கிடையாது.

இதுவும் ரோமிங்தான்

டிராவல் இ-சிம் விற்கும் நிறுவனங்கள் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த டவர் எதுவும் இல்லை. ஏதோ ஒரு நாட்டின் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கி நமக்குச் சில்லறையில் விற்கிறார்கள். நீங்கள் பாங்காக்கில் இருப்பீர்கள். உங்கள் இ-சிம் ஹாங்காங் நிறுவனத்துடையதாகவோ ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டுடையதாகவோ இருக்கும். தாய்லாந்து டவருக்கு அது ஒரு விருந்தாளி. அதாவது, ரோமிங்கைத் தவிர்க்க வாங்கிய சிம்மே ரோமிங்கில்தான் ஓடுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். முதலில், வெளிநாட்டில் இறங்கி ‘காசு கட்டியும் நெட் வரலை’ என்று புலம்புகிறவர்கள் பலருடைய பிரச்சினை. ‘டேட்டா ரோமிங்கை ஆன் பண்ணாதே, பில் எகிறிடும்’ என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். அது ஊர் சிம்முக்குச் சொன்னது. டிராவல் இ-சிம்முக்கு டேட்டா ரோமிங்கை ஆன் செய்தால்தான் நெட் வரும். இரண்டு சிம்முக்கும் செட்டிங்ஸில் தனித்தனியாக இந்தப் பொத்தான் இருக்கிறது. ஊர் சிம்மில் ஆஃப், இ-சிம்மில் ஆன்.

அடுத்தது, உங்கள் டேட்டா எந்த வழியாக இணையத்துக்குள் போகிறது என்பது. ரோமிங்கில் பெரும்பாலும் டேட்டா முதலில் சிம் கொடுத்த நிறுவனத்தின் நாட்டுக்குப் போய், அங்கிருந்துதான் இணையத்தில் கலக்கும். அதனால் பாங்காக்கில் உட்கார்ந்து கூகுளைத் திறந்தால் அது உங்களை வேறு ஏதோ நாட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். வங்கி ஆப் ‘புதிய இடத்திலிருந்து நுழைகிறீர்கள்’ என்று சந்தேகப்படலாம். வெளிநாட்டு ஐபி முகவரிகளை ஏற்காத சில இந்திய அரசுத் தளங்கள் திறக்காது. இந்திய எண்ணின் ரோமிங்கில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அந்த டேட்டா வழக்கமாக இந்தியா வழியாகத்தான் போகிறது.

இதே சங்கதி சில இடங்களில் வசதியாகவும் அமைந்துவிடுகிறது. சீனாவில் உள்ளூர் சிம் போட்டால் கூகுள், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எதுவும் திறக்காது. ஹாங்காங் வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ போகும் ரோமிங் சிம்மில் திறக்கும். கான்டன் கண்காட்சிக்குச் சரக்கு பார்க்கப் போகும் திருப்பூர், சென்னை வியாபாரிகளுக்கு இது பழைய செய்தி. அமீரகத்தில் உள்ளூர் நெட்வொர்க்கில் வாட்ஸ்அப் கால் போகாது. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற ஆப்களில்தான் பேச வேண்டும். ரோமிங் சிம்மில் வாட்ஸ்அப் கால் சில சமயம் போவதற்கும் காரணம் இந்தச் சுற்றுவழிதான். ஆனால் அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். அங்கே இணைய அழைப்புக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது.

சுற்றுவழிக்கு இன்னொரு விலையும் உண்டு. உங்கள் டேட்டா எந்த நாட்டு நிறுவனங்களின் வழியாகப் போகிறது என்பதை விற்பவர்கள் பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் பல டிராவல் இ-சிம்களை வாங்கிச் சோதித்தபோது, பயனர் இருக்கும் நாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாவது நாடுகள் வழியாக டேட்டா போவதைக் கண்டார்கள். சீன நிறுவனங்களின் வலையமைப்பும் அதில் இருந்தது. வங்கி ஆப்பும் வாட்ஸ்அப்பும் தங்கள் போக்குவரத்தைப் பூட்டித்தான் அனுப்புகின்றன, படிக்க முடியாது. ஆனால் யார், எங்கிருந்து, எந்தத் தளத்துக்குப் போகிறார் என்கிற தடம் கைமாறும். சுற்றுலாப் பயணிக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. அலுவலக மடிக்கணினியை ஹாட்ஸ்பாட்டில் இணைக்கிறவர்கள் யோசிக்க வேண்டும்.

ஆப்கள் ஏன் நீக்கப்பட்டன?

2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை என்கிற இரண்டு பெரிய டிராவல் இ-சிம் ஆப்கள் இந்திய ஆப் ஸ்டோரிலிருந்தும் பிளே ஸ்டோரிலிருந்தும் காணாமல் போயின. நீக்கச் சொன்னது மத்தியத் தொலைத்தொடர்புத் துறை. வெளிநாட்டு சிம்மை இந்தியாவில் விற்க வேண்டுமானால் அந்தத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும்; வாங்குபவரின் பாஸ்போர்ட் உள்ளிட்ட ஆவணங்களைச் சரிபார்த்துத்தான் கொடுக்க வேண்டும்; அந்த சிம் இந்தியாவுக்கு வெளியே மட்டுமே இயங்க வேண்டும். யாருடையது என்றே தெரியாத வெளிநாட்டு எண்களை வைத்து இங்கே மோசடிகள் நடப்பதால் இந்தக் கெடுபிடி.

நமக்கு இதில் நடைமுறைப் பாடம் ஒன்று இருக்கிறது. இந்தியாவிலிருந்தபடி வாங்குவதாக இருந்தால், பாஸ்போர்ட் நகல் கேட்கிற நிறுவனத்தைப் பார்த்து எரிச்சல்பட வேண்டாம். எந்தக் கேள்வியும் கேட்காமல் பாதி விலைக்குத் தருகிறேன் என்று டெலிகிராமில் வருகிறவரைத்தான் சந்தேகப்பட வேண்டும். துருக்கி 2025 ஜூலையில் பல டிராவல் இ-சிம் நிறுவனங்களின் தளங்களைத் தன் நாட்டுக்குள் முடக்கியது. முன்பே போனில் ஏற்றிக்கொண்டு போனவர்களுக்கு நெட் கிடைத்தது. இஸ்தான்புல்லில் இறங்கி வாங்கிக்கொள்ளலாம் என்று போனவர்களுக்குத் தளமே திறக்கவில்லை. ஆக, எந்த நாடானாலும் இங்கே வீட்டு வைஃபையில் உட்கார்ந்து ஏற்றிக்கொண்டு கிளம்புவதே நல்லது. இ-சிம்மை ஏற்றவே இணையம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஊர் எண்ணை உயிரோடு வைத்திருப்பது எப்படி?

இப்போது விஷயத்துக்கு வருவோம். வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்கும்போது நமக்கு வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த எண்ணில் சர்வதேச ரோமிங் வசதி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். ரீசார்ஜ் காலாவதி ஆகியிருக்கக் கூடாது. நிறுவனத்துக்கு நிறுவனம், பேக்குக்குப் பேக் இதில் விதி மாறும் என்பதால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கஸ்டமர் கேரில் இரண்டே கேள்வி கேட்டுவிடுங்கள்: ‘என் எண்ணில் சர்வதேச ரோமிங் ஆன் ஆகியிருக்கா? நான் போற நாட்டுல பேக் போடாமலே எஸ்எம்எஸ் வருமா?’

கால் வேறு சங்கதி. பேக் இல்லாமல் வெளிநாட்டில் ஊர் எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்தால் நிமிடத்துக்குக் காசு. கடன் வேண்டுமா என்று கேட்கும் கால் சென்டர் பெண்ணுக்கு ‘வேண்டாம்மா’ என்று சொல்வதற்கும் காசு போகும். எடுக்காமல் விட்டுவிட்டு, வேண்டியவர்களை வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள்.

வாட்ஸ்அப் என்றதும் ஒன்று. தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28 அன்று வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் போன்ற ஆப்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. எந்த எண்ணில் கணக்குத் தொடங்கினீர்களோ அந்த சிம் அந்தப் போனில் இருந்தால்தான் ஆப் இயங்க வேண்டும் என்பது அதன் சாரம். நடைமுறைப்படுத்த 90 நாள் அவகாசம் கொடுத்தது. சிம் போனுக்குள்ளேயே இருந்து ரோமிங்கில் இயங்கினால் பிரச்சினை இல்லை என்று அரசுத் தரப்பில் பிறகு விளக்கமும் வந்தது. யுபிஐ ஆப்கள் ஏற்கெனவே இப்படித்தான், பதிவு செய்த சிம்மோடு கட்டப்பட்டவை. இலங்கையில் 2024 பிப்ரவரி முதல் இந்திய யுபிஐ செல்லும். கொழும்பு கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்து பணம் கட்ட டேட்டாவும் வேண்டும், ஊர் சிம்மும் போனில் இருக்க வேண்டும். பர்ஸுக்குள் சிம்மைச் சொருகும் பழைய வழக்கம் இனி எடுபடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

ஓடிபிக்கு மாற்றாக வேறு வழிகளையும் வங்கிகள் கொண்டுவரலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகள் சொல்கின்றன. 2026 ஏப்ரல் 1 அதற்கான நடைமுறைத் தேதி. எஸ்எம்எஸ் ஓடிபியை அது தடை செய்யவில்லை. உங்கள் வங்கி ஆப்பிலேயே ஒப்புதல் கொடுக்கும் வசதி வந்திருந்தால் கிளம்பும் முன்பே அதை இயக்கிப் பழகிக்கொள்வது நல்லது.

இன்னொரு பொறி, ‘எல்லாத்தையும் இ-சிம்மா மாத்திடலாம்’ என்று கடைசி நேரத்தில் தோன்றுவது. சிம் மாற்றினால், அது பிளாஸ்டிக்கிலிருந்து இ-சிம்முக்கு மாறுவதாக இருந்தாலும் சரி, அடுத்த 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது. சிம் மாற்று மோசடியைத் தடுக்க 2022இல் கொண்டுவந்த விதி இது. நாளைக்கு விமானம் என்றால் இன்றைக்கு இந்த வேலையில் இறங்காதீர்கள்.

என்னைக் கேட்டால், போனில் சிம் தட்டு இருக்கிறவர்கள் ஊர் எண்ணைப் பிளாஸ்டிக் சிம்மாகவே விட்டுவைப்பது நல்லது. வெளிநாட்டில் போன் கீழே விழுந்து திரை உடைந்தால் அந்த சிம்மைக் கழற்றி மனைவியின் போனிலோ நண்பரின் போனிலோ போட்டு ஓடிபி வாங்கிக்கொள்ளலாம். இ-சிம்மை அப்படிக் கழற்ற முடியாது. மறுபடி வாங்க, நிறுவனம் உங்கள் அடையாளத்தைக் கேட்கும், அதற்கு ஓடிபியும் கேட்கலாம். போன் திருடுபோனால் மட்டும் கதை தலைகீழ்: பிளாஸ்டிக் சிம்மைத் திருடன் உருவி எறிந்துவிடுவான், இ-சிம்மை அவனால் உருவ முடியாது. சிம்முக்கு பின் நம்பர் பூட்டுப் போட்டுவைத்தால் பிளாஸ்டிக் சிம்மை வேறு போனில் போட்டு அவன் ஓடிபி வாங்க முடியாது.

மோசடி ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ‘உங்கள் சிம்மை இ-சிம்மாக மாற்றித் தருகிறோம், வந்திருக்கும் லிங்க்கை ஒப்புக்கொள்ளுங்கள்’ என்று கஸ்டமர் கேர் போலப் பேசுவார்கள். ஒப்புக்கொண்ட சிறிது நேரத்தில் உங்கள் போனில் சிக்னல் போய்விடும். உங்கள் எண் அவர்கள் போனில் இ-சிம்மாக உட்கார்ந்திருக்கும். ஓடிபி எல்லாம் அங்கே போகும். இந்தியச் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025இல் இதுபற்றி எச்சரித்தது. வெளிநாட்டில் இருக்கும்போது சிக்னல் போனால் ‘ரோமிங்தானே, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவோம். மோசடிக்காரர்களுக்கு வேண்டியதும் அதுதான். இப்படி ஒரு கால் வந்த பிறகு சிக்னல் போனால் முதலில் வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்திவையுங்கள். பணம் போயிருந்தால் ஊரில் இருப்பவர்களை விட்டு 1930க்குச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் தங்கப் போகும் அப்பா, அம்மாவுக்கு...

பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய் மாதக்கணக்கில் தங்கும் பெற்றோருக்கு டிராவல் இ-சிம் தேவையே இல்லை. பிள்ளைகளின் குடும்ப பிளானில் ஓர் உள்ளூர் இணைப்பைச் சேர்த்துக்கொள்வதுதான் மலிவு. மருத்துவமனைக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்க உள்ளூர் எண்ணும் கிடைக்கும். அவர்களுடைய உண்மையான கவலை ஓய்வூதியக் கணக்கோடு இணைந்த ஊர் எண் செத்துப்போகாமல் இருப்பது. ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் எந்த வகையிலும் பயன்படுத்தாவிட்டால் நிறுவனம் அதை முடக்கலாம் என்பது டிராய் விதி. பிறகு அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும். வங்கிக் கணக்கு உங்களுடையது, ஓடிபி அவருக்கு!

இதற்கு ஒரு வழி இருக்கிறது. டேட்டா இல்லாமல் கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக்குகளைத் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி போட்டது. இத்தகைய சிறப்பு ரீசார்ஜ்களின் வேலிடிட்டி உச்சவரம்பையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. அப்பாவின் எண்ணுக்கு அப்படியொரு நீண்ட காலப் பேக்கைப் போட்டு, ரோமிங்கை இயக்கி, சிம்மைப் போனிலேயே விட்டு அனுப்புங்கள். அமெரிக்காவில் 3ஜி வலையமைப்புகள் 2022இலேயே மூடப்பட்டுவிட்டன. அவர் கையில் இருப்பது பழைய போனாக இருந்தால், இ-சிம்மைப் பற்றி யோசிக்கும் முன் அது அங்கே 4ஜியில் ஒழுங்காக இணையுமா என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு ஜிபி, எந்த நாடு?

ஐந்து நாள் சிங்கப்பூர், மலேசியா சுற்றுலாவுக்கு மேப், வாட்ஸ்அப், டாக்ஸி ஆப், கொஞ்சம் போட்டோ என்று இருந்தால் ஒருவருக்கு 3 முதல் 5 ஜிபி தாராளம். ரீல்ஸ் பார்க்கிறவர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேர வீடியோவுக்கே ஒரு ஜிபிக்கு அருகில் போய்விடும். தொல்லை அதுவுமில்லை, நாம் தூங்கும்போது போட்டோக்களைத் தானாக கிளவுடில் ஏற்றும் வேலை. அதை வைஃபையில் மட்டும் என்று மாற்றிவிடுங்கள்.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லை நம்பி வாங்குகிறவர்கள் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வரியைப் படிக்க வேண்டும். நாளுக்கு ஓர் அளவு தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்; மேப் கூடத் திணறும். சில அன்லிமிடெட் பேக்குகளில் ஹாட்ஸ்பாட் பகிர முடியாது அல்லது அதற்குத் தனி வரம்பு இருக்கும். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரே பேக் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம் என்று திட்டமிடுகிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அதோடு, ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போன் அப்பாவிடம். அவர் கோலாலம்பூர் மாலில் வேறு பக்கம் போய்விட்டால் மற்ற மூவரும் அந்தரத்தில். குழந்தைகளை விட்டுவிடலாம், பெரியவர்கள் இருவருக்கும் தனித்தனியாக வாங்குங்கள்.

நாடுகளின் பட்டியலைக் கவனியுங்கள். சிங்கப்பூர் மட்டும் என்று வாங்கிய இ-சிம், உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி ஜொகூர் பாருவில் பஸ் நிற்கும்போது ஊமையாகிவிடும். ‘ஐரோப்பா’ என்று போட்டிருந்தால் சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. பாரிஸ், சுவிஸ், லண்டன் என்று போகும் நம்மூர் பேக்கேஜ் டூர்களில் இரண்டுமே இருக்கும்.

வேலிடிட்டி எப்போது தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். சிலவற்றில் போனில் ஏற்றிய நிமிடமே நாள் எண்ணத் தொடங்கிவிடும். பலவற்றில் அந்த நாட்டு டவரைத் தொட்டதும்தான். முதல் வகையென்றால் கிளம்பும் அன்று ஏற்றுங்கள்.

சரி, முடிவாக எதை எடுப்பது? மூன்று நான்கு நாள் பயணம், வேலை விஷயமாக ஊர் எண்ணில் கால் எடுத்தே ஆக வேண்டும் என்றால் இந்திய ரோமிங் பேக்கே போதும். கூடுதல் காசு நிம்மதிக்கு. ஒரு வாரம், இரண்டு வாரம், இரண்டு மூன்று நாடுகள் என்றால் டிராவல் இ-சிம். ஒரே நாட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் அந்த நாட்டு நிறுவனத்தின் சிம் அல்லது இ-சிம். மூன்றிலுமே ஊர் சிம் போனைவிட்டு வெளியே வரக் கூடாது.

விமானத்தில் ஏறும் முன் செட்டிங்ஸில்

டேட்டாவுக்கான இணைப்பாக டிராவல் இ-சிம்மைத் தேர்ந்தெடுங்கள். கால், எஸ்எம்எஸ்ஸுக்கு ஊர் எண் இருக்கட்டும். ஐபோனில் ‘மொபைல் டேட்டா ஸ்விட்ச்சிங்’ என்று ஒன்று இருக்கிறது. இ-சிம்மில் சிக்னல் இல்லாத நேரத்தில் போனே சத்தமில்லாமல் ஊர் சிம்மின் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஊர் சிம்மில் ரோமிங்கும் ஆனில் இருந்துவிட்டால், போஸ்ட்பெய்டுக்காரர்களுக்கு பில் எகிறுவது இந்த வழியில்தான். அதை ஆஃப் செய்யுங்கள். ஆண்ட்ராய்டிலும் சில மாடல்களில் இதேபோல் ‘ஆட்டோ டேட்டா ஸ்விட்ச்’ இருக்கும்.

விமானத்திலும் சொகுசுக் கப்பலிலும் போனை ஃபிளைட் மோடில் வையுங்கள். நடுக்கடலில், நடுவானில் தெரியும் சிக்னல் செயற்கைக்கோள் வழியாக வருவது. உங்கள் நாட்டு ரோமிங் பேக்கும் டிராவல் இ-சிம்மும் பெரும்பாலும் அங்கே செல்லாது, தனிக் கட்டணம்தான். சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பல் சுற்றுலா போகிறவர்களும் இதில் சேர்த்தி.

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்குமே வருகை அட்டையை இப்போது ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதை இங்கேயே முடித்துவிட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் இ-சிம் ஓடத் தொடங்க ஐந்து நிமிடமும் ஆகலாம், அரைமணியும் ஆகலாம். ஓட்டல் இருக்கும் பகுதியின் மேப்பையும் இறக்கி வையுங்கள். இ-சிம்மின் க்யூஆர் கோடை ஒரு தாளில் அச்செடுத்தோ உடன் வருபவரின் போனிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே போய் நெட் வரவில்லை என்றால் எரிச்சலில் இ-சிம்மை மட்டும் அழித்துவிடாதீர்கள். பெரும்பாலான க்யூஆர் கோடுகள் ஒருமுறைதான் வேலை செய்யும். அழித்தால் மறுபடி காசு கட்டித்தான் வாங்க வேண்டும். டேட்டா ரோமிங் ஆனில் இருக்கிறதா, டேட்டாவுக்குச் சரியான சிம்மைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஃபிளைட் மோடைப் போட்டு எடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, விற்ற நிறுவனம் குறிப்பிட்டிருக்கும் டவரைக் கையால் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் இதற்குள் நெட் வந்துவிடும்.

திரும்பி வந்து சென்னையில் இறங்கியதும் டேட்டாவை ஊர் சிம்முக்கு மாற்றிவிட்டு, டிராவல் இ-சிம்மை அணைத்து வையுங்கள். மறுபடி டாப்-அப் செய்யக்கூடிய வகையாக இருந்தால் அழிக்க வேண்டாம். அடுத்த பயணத்துக்கு அதே இ-சிம் ஆகும்.